பள்ளிக்குழுமங்களின் ஆட்சியும் தலைமையும்: இங்கிலாந்தின் அகாடமி அறக்கட்டளைகள் பற்றிய ஓர் ஆய்வு

முன்னுரை

மக்களின் வரிப்பணத்தில் நடக்கும் பள்ளிகளை ஒவ்வொன்றாக அதனதன் குழுவிடம் விட்டு ஆள்வதா, பலவற்றை ஒன்றுசேர்த்து ஒரே நிருவாகத்தின்கீழ் வைத்து ஆள்வதா என்பது கல்வி நிருவாகத்தில் நெடுங்காலமாகத் தொடரும் வினா. இதற்கு இங்கிலாந்து கடந்த கால் நூற்றாண்டில் கண்ட விடை 'மல்டி அகாடமி டிரஸ்ட்' எனப்படும் பல்பள்ளி அறக்கட்டளை ஆகும். உள்ளாட்சிக் கவுன்சிலின் கட்டுப்பாட்டிலிருந்து விலகி, நடுவண் அரசின் கல்வித் துறையிடமிருந்து நேரடியாக நிதி பெற்று நடக்கும் பள்ளிக்கு அங்கே 'அகாடமி' என்று பெயர். அத்தகைய பள்ளிகள் பலவற்றை ஒரே சட்ட உருவமாக நடத்தும் அறக்கட்டளையே பல்பள்ளி அறக்கட்டளை. இம்முறை இங்கிலாந்துக்கு மட்டுமே உரியது. ஸ்காட்லாந்திலும் வேல்சிலும் வட அயர்லாந்திலும் இது இல்லை. இன்று இங்கிலாந்தின் அரசு நிதிப் பள்ளிகளில் பயிலும் மாணவர்களுள் பாதிக்கு மேற்பட்டோர் அகாடமிகளில் பயில்கின்றனர். இடைநிலைப் பள்ளிகளில் ஐந்தில் நான்குக்கு மேற்பட்டவை அகாடமிகளாகிவிட்டன.

பள்ளிகள் குழுமமாக இணைவதால் விளையும் நன்மைகள் உண்மையானவை. ஆயினும் இணைப்பின்போது தனிப்பள்ளி தன் சட்ட உருவத்தை இழப்பதால், அப்பள்ளியின் பெற்றோரும் ஆசிரியரும் ஊராரும் தம் குரலை எங்கே எழுப்புவது என்பதைச் சட்டம் தானாக வகுத்துத் தருவதில்லை. அந்த இடத்தை அறக்கட்டளையே தன் விதிகளில் வகுத்துத் தரவேண்டும். அதைத் தான் நினைத்தபோது பறிக்கவும் இயலாதபடி அது தன்னைக் கட்டுப்படுத்திக்கொள்ள வேண்டும். பள்ளிக்குழுமத்தின் நல்லாட்சிக்கு முதல் அளவுகோல் இதுவே என்பது இவ்வாய்வின் முடிபு.

வரலாற்றுப் பின்புலம்

இங்கிலாந்தின் பொதுக்கல்வி, பள்ளிக்குழுமத்திலேயே தொடங்கியது எனலாம். 1870-ஆம் ஆண்டின் தொடக்கக் கல்விச் சட்டம், போதிய பள்ளிகள் இல்லாத ஊர்களில் மக்களால் தேர்ந்தெடுக்கப்படும் பள்ளி வாரியங்களை அமைத்தது. ஒவ்வொரு வாரியமும் தன் எல்லைக்குட்பட்ட பள்ளிகள் பலவற்றை நடத்தியது. நாடாளுமன்றத் தேர்தலில் பெண்களுக்கு வாக்குரிமை இல்லாத அக்காலத்திலேயே வாரியத் தேர்தலில் அவர்கள் வாக்களிக்கவும் போட்டியிடவும் முடிந்தது. முதல் தேர்தலிலேயே எலிசபெத் காரட், எமிலி டேவிஸ் ஆகிய இருவரும் லண்டன் வாரியத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டனர். 1902-ஆம் ஆண்டின் சட்டம் 2,500-க்கு மேற்பட்ட இவ்வாரியங்களைக் கலைத்து, பொறுப்பை மாவட்ட, நகரக் கவுன்சில்களிடம் ஒப்படைத்தது. பள்ளிக்கென்றே நடந்த தேர்தல் அத்துடன் முடிந்தபோதிலும், கவுன்சிலரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை மக்களிடம் இருந்ததால், பள்ளியைப் பற்றிக் கேள்வி கேட்க அவர்களுக்கு ஒரு வாயில் எஞ்சியிருந்தது.

பின்னர்ப் பல நகரங்களில் ஒரு விசித்திரமான வழக்கம் வேரூன்றியது. ஒவ்வொரு பள்ளிக்கும் ஆட்சிக்குழு இருக்கவேண்டும் என்பது கொள்கையாக இருந்தும், கவுன்சிலின் ஒரே குழு நகரிலுள்ள எல்லாப் பள்ளிகளுக்கும் ஆட்சிக்குழுவாகப் பெயரளவில் இயங்கியது. ஒரு பிற்பகல் கூட்டத்தில் பல பள்ளிகளின் அலுவல்கள் அடுத்தடுத்து நிறைவேற்றப்படும் இந்த ஏற்பாட்டில், எந்தப் பள்ளியும் தனக்கென ஒரு குழுவைப் பெற்றதாகக் கொள்ள முடியாது. 1977-இல் அறிக்கை அளித்த டெய்லர் குழு இவ்வழக்கத்தை ஏற்காமல், ஒவ்வொரு பள்ளிக்கும் தனி ஆட்சிக்குழு வேண்டும், அதில் கவுன்சில், பணியாளர், பெற்றோர், ஊரார் ஆகிய நால்வகையினரும் சமபங்கு பெறவேண்டும் என்று பரிந்துரைத்தது. அப்பரிந்துரை முழுமையாக நிறைவேறாவிடினும், 1980, 1986 ஆகிய ஆண்டுகளின் கல்விச் சட்டங்கள் பெற்றோருக்கும் ஆசிரியருக்கும் ஆட்சிக்குழுவில் இடம் தந்து, கவுன்சிலின் பெரும்பான்மையை அகற்றின. 1988-ஆம் ஆண்டின் கல்விச் சீர்திருத்தச் சட்டம் வரவுசெலவுப் பொறுப்பையும் பள்ளியின் கையிலேயே கொடுத்தது. தனிப்பள்ளியும் அதன் ஆட்சிக்குழுவும் இங்கிலாந்தில் மிகுந்த வலிமை பெற்றிருந்த காலம் அது.

அகாடமி முறை இதற்குப் பின் வந்தது. நகர்ப்புறங்களில் நெடுநாள் பின்தங்கியிருந்த இடைநிலைப் பள்ளிகளை மூடி, 20 லட்சம் பவுண்டு வரை நன்கொடை அளிக்க முன்வரும் புரவலரின் பொறுப்பில் புதிய பள்ளிகளைத் தொடங்கும் திட்டத்தை 2000-ஆம் ஆண்டில் தொழிற்கட்சி அரசு அறிவித்தது. முதல் மூன்று அகாடமிகள் 2002-இல் திறக்கப்பட்டன. 2010 மே மாதத்தில் அவற்றின் எண்ணிக்கை 203. அவ்வாண்டு நிறைவேறிய அகாடமிகள் சட்டம், பின்தங்கிய பள்ளிகளுக்கான இந்த ஏற்பாட்டை நன்றாக இயங்கும் பள்ளிகளுக்கும் திறந்துவிட்டது. 'பள்ளிக்குச் சுதந்திரம்' என்பதே அன்றைய முழக்கம். அதை நம்பிப் பல பள்ளிகள் தனித்தனி அகாடமிகளாக மாறின. ஆனால் கவுன்சில் அதுவரை செய்துவந்த கணக்கு, சட்ட ஆலோசனை, கட்டடப் பராமரிப்பு, ஆசிரியர் பயிற்சி ஆகிய பணிகளைத் தனியொரு பள்ளியால் தாங்க இயலாமையாலும், அரசே இணைப்பை ஊக்குவித்தமையாலும், பத்தாண்டுக்குள் குழுமமே பொது வழக்காயிற்று. டெய்லர் குழு கலைக்கச் சொன்ன கூட்டு ஆட்சி வேறொரு சட்ட உருவத்தில் திரும்பி வந்தது. இம்முறை அதன் உச்சியில் தேர்தலில் வென்ற கவுன்சிலர்கள் இல்லை.

சட்ட உருவம்

பல்பள்ளி அறக்கட்டளை, நிறுமச் சட்டப்படி பதிவுபெற்ற ஒரு கம்பெனி. ஆனால் அதற்குப் பங்குகளோ பங்குதாரர்களோ இலாபப் பகிர்வோ இல்லை. கலைக்கப்படும்போது ஒரு சிறு தொகைக்குப் பொறுப்பேற்பதாக அதன் உறுப்பினர்கள் தரும் உறுதியே அதன் அடிப்படை. அதுவே அறநிறுவனமுமாகும். எனினும் அறநிறுவன ஆணையத்தில் பதிவு செய்வதிலிருந்து அதற்கு விலக்கு உண்டு. அதை ஒழுங்குபடுத்தும் பொறுப்பு கல்வி அமைச்சருடையது. ஆகவே அதை ஆள்வோர் நிறுமச் சட்டத்தில் இயக்குநர்களாகவும், அறநிறுவனச் சட்டத்தில் அறங்காவலர்களாகவும், பொதுப்பணத்தைக் கையாள்பவர்கள் என்ற முறையில் நாடாளுமன்றத்துக்கு விடை சொல்லவேண்டியவர்களாகவும் ஒரே வேளையில் விளங்குகின்றனர். இப்பணிக்கு அறங்காவலர்கள் ஊதியம் பெறுவதில்லை.

அதன் அமைப்பு மூன்று அடுக்குகள் கொண்டது. உச்சியில் இருப்போர் உறுப்பினர்கள். குறைந்தது மூவர், விரும்பத்தக்கது ஐவர் என்ற அளவில் அமையும் இச்சிறு குழு, அறக்கட்டளையின் அமைப்பு விதிகளைத் திருத்தவும், அறங்காவலர்களை நியமிக்கவும் நீக்கவும், ஆண்டுக் கணக்கைப் பெறவும் உரிமையுடையது; அன்றாட நிருவாகத்தில் தலையிடுவது அதன் வேலையன்று. அடுத்த அடுக்கு அறங்காவலர் குழு. கொள்கை, நிதி, தலைமைச் செயல் அலுவலரின் நியமனம், எல்லாப் பள்ளிகளின் கல்வித் தரம் ஆகியவற்றுக்குச் சட்டப்படிப் பொறுப்பேற்பது இதுவே. மூன்றாவது, ஒவ்வொரு பள்ளிக்கும் அமைக்கப்படும் உள்ளூர் ஆட்சிக்குழு. சட்டத்தின் கண்ணில் இது அறங்காவலர் குழுவின் துணைக்குழு மட்டுமே. மேலிருந்து ஒப்படைக்கப்படும் அதிகாரத்தை மட்டுமே அது செலுத்த முடியும். ஒப்படைத்தவர்கள் அதைத் திரும்பப் பெறவும் முடியும்.

கல்வி அமைச்சருக்கும் அறக்கட்டளைக்கும் இடையிலான நிதி உடன்படிக்கையே அகாடமியின் உயிர்நாடி. குழுமம் முழுமைக்கும் ஒரு முதன்மை உடன்படிக்கையும், ஒவ்வொரு பள்ளிக்கும் ஒரு துணை உடன்படிக்கையும் உண்டு. இரண்டிலும் கையொப்பமிடுவது அறக்கட்டளையே, பள்ளி அன்று. கவுன்சில் நிலத்தில் அமைந்த பள்ளியாயின், பொதுவாக 125 ஆண்டுக் குத்தகையும் அறக்கட்டளையின் பெயரிலேயே எழுதப்படுகிறது. ஆசிரியரைப் பணியமர்த்துவதும் வங்கிக் கணக்கு வைத்திருப்பதும் வழக்கில் வாதியாகவோ எதிர்வாதியாகவோ நிற்பதும் அறக்கட்டளையே. நூறாண்டுப் பெயரும் முகப்பில் கல்வெட்டும் கொண்ட ஒரு பள்ளி, குழுமத்தில் சேர்ந்த நாளிலிருந்து சட்டத்தில் ஒரு பெயராக மட்டுமே எஞ்சுகிறது. குழுமம் பிடிக்கவில்லையென்றால் விலகிக்கொள்ளலாம் என்ற உரிமை அப்பள்ளிக்கு இல்லை. அறக்கட்டளையும் அமைச்சரும் இசைந்தாலன்றி அது வேறிடம் செல்ல இயலாது. கவுன்சில் பள்ளிகள் சில ஒரே ஆட்சிக்குழுவின்கீழ் இணையும் 'ஃபெடரேஷன்' என்ற ஏற்பாட்டில் ஒவ்வொரு பள்ளியும் சட்டத்தில் தனிப்பள்ளியாகவே நீடிப்பதால், இரண்டும் வெளித்தோற்றத்தில் ஒத்திருப்பினும் அடிப்படையில் வேறானவை.

அதிகார ஒப்படைப்பு ஆவணம்

குழுமத்தில் சேர்ந்த பள்ளிக்கு எஞ்சும் உரிமைகள் யாவும் ஓர் ஆவணத்தில் அடங்கியுள்ளன. அதிகார ஒப்படைப்புத் திட்டம் என்று அதற்குப் பெயர். ஒவ்வோர் அறக்கட்டளையும் இதைத் தயாரித்துத் தன் இணையதளத்தில் வெளியிட வேண்டும். பெரும்பாலும் இது ஓர் அட்டவணையாக அமைந்திருக்கும். இடப்புறம் மேலிருந்து கீழாக முடிவுகளின் பட்டியல்: தலைமையாசிரியர் நியமனம், ஆண்டு வரவுசெலவு, பாடத்திட்டம், சேர்க்கை விதி, பள்ளி நேரம், பணியாளர் எண்ணிக்கை, மாணவர் நீக்கம், கட்டடப் பழுது, ஒப்பந்தங்களில் கையொப்பம். மேல்வரிசையில் இடமிருந்து வலமாக அதிகார மையங்கள்: உறுப்பினர், அறங்காவலர் குழு, தலைமைச் செயல் அலுவலர், உள்ளூர் ஆட்சிக்குழு, தலைமையாசிரியர். இரண்டும் சந்திக்கும் கட்டங்களில் 'முடிவெடுக்கும்', 'பரிந்துரைக்கும்', 'கலந்தாலோசிக்கப்படும்', 'தகவல் பெறும்' என்பன போன்ற சிறு குறிப்புகள்.

இக்குறிப்புகளின் எடை சிறிதன்று. தலைமையாசிரியர் நியமனம் என்னும் வரிசையை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். உள்ளூர் ஆட்சிக்குழுவின் கட்டத்தில் 'பரிந்துரைக்கும்' என்று இருந்தால், நேர்காணல் குழுவில் அப்பள்ளியின் பெற்றோர் பிரதிநிதியும் அமர்ந்து, விண்ணப்பதாரரிடம் அவ்வூர்க் குழந்தைகளைப் பற்றிக் கேட்பார். அறங்காவலர் குழு அப்பரிந்துரையை மறுக்க விரும்பினால் அதற்குக் காரணம் சொல்லவேண்டிய நிலை உண்டாகும். அதே கட்டத்தில் 'தகவல் பெறும்' என்று இருந்தால், நியமனம் முடிந்த பின்னர் ஒரு மின்னஞ்சல் வந்து சேரும். மாணவரை நிரந்தரமாக நீக்கும் முடிவும் இத்தகையதே. தலைமையாசிரியர் நீக்கிய மாணவரை மீண்டும் சேர்க்கலாமா என்று ஆராயும் பொறுப்பு சட்டப்படி அறக்கட்டளையுடையது; அதைப் பெரும்பாலான அறக்கட்டளைகள் உள்ளூர் ஆட்சிக்குழுவிடம் ஒப்படைக்கின்றன. அக்குழுவில் அந்த ஊரையும் அந்தக் குடும்பத்தின் சூழலையும் அறிந்தவர் இருப்பதும், தொலைவிலிருந்து கோப்பைப் பார்த்து மட்டும் முடிவெடுப்பவர் இருப்பதும் ஒரு குழந்தையின் எதிர்காலத்தைப் பொறுத்தவரை ஒன்றாகா.

இவ்வளவு முக்கியமான ஆவணத்தை எழுதுவதும் திருத்துவதும் அறங்காவலர் குழுவின் தனியுரிமை. இணைப்புக்கு முன் நடக்கும் பேச்சில் 'உங்கள் தனித்தன்மை காக்கப்படும்' என்று உறுதியளித்து, இணைந்தபின் இரண்டாம் ஆண்டில் அட்டவணையின் சில கட்டங்களை மாற்றினால் அதைத் தடுக்கச் சட்டத்தில் வழியில்லை. உள்ளூர் ஆட்சிக்குழுவை அறவே கலைத்து, ஆலோசனைக்குழு ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளவும் முடியும். பெற்றோர் பிரதிநிதித்துவத்தைப் பொறுத்தவரை விதி கேட்பது குறைவே: ஒவ்வொரு பள்ளியின் உள்ளூர் ஆட்சிக்குழுவிலும் இரு பெற்றோர் இருக்கவேண்டும், அல்லது அறங்காவலர் குழுவில் இரு பெற்றோர் இருந்தால் போதும். முப்பது பள்ளிகள் கொண்ட குழுமத்தில் மொத்தம் இரண்டே பெற்றோர் இருந்தாலும் விதி நிறைவேறிவிடுகிறது. 2016-இல் அரசின் வெள்ளை அறிக்கை இந்தக் குறைந்த அளவுக் கட்டாயத்தையும் நீக்க முன்மொழிந்தது. எதிர்ப்புக்குப் பின் அது கைவிடப்பட்டதே ஆறுதல்.

நிதியும் நம்பகமும்

ஒவ்வொரு பள்ளிக்கும் அதன் மாணவர் எண்ணிக்கையையும் தேவைகளையும் கணக்கிட்டுப் பொது ஆண்டு மானியம் ஒதுக்கப்படுகிறது. தொகை அறக்கட்டளைக்கு வந்து சேர்கிறது. அதைப் பள்ளிகளுக்குப் பகிர்ந்தளிப்பதில் இரு வழிகள் உள்ளன. முதல் வழியில், ஒவ்வொரு பள்ளியின் மானியத்திலிருந்தும் குறிப்பிட்ட விழுக்காட்டை மைய அலுவலகச் செலவுக்குப் பிடித்துக்கொண்டு எஞ்சியதைப் பள்ளிக்குத் தருவர். எடுத்துக்காட்டாக, 50 லட்சம் பவுண்டு பெறும் ஒரு பள்ளியிடம் 5 விழுக்காடு பிடித்தால் 2.5 லட்சம் பவுண்டு மையத்துக்குச் செல்லும். அதற்கு ஈடாகக் கணக்கு, சம்பளப் பட்டியல், சட்ட ஆலோசனை, கணினிச் சேவை, பாட வல்லுநர் ஆகியவை பள்ளிக்குக் கிடைக்க வேண்டும். இரண்டாவது வழியில், எல்லாப் பள்ளிகளின் மானியத்தையும் ஒரே நிதியாகத் திரட்டி, தேவைக்கேற்ப அறக்கட்டளையே பிரித்துக் கொடுக்கும். மாணவர் குறைந்து தள்ளாடும் ஒரு சிறு கிராமத் தொடக்கப்பள்ளியை இவ்வழியில் காப்பாற்ற முடியும். அதேவேளை, கவனமாகச் செலவிட்டுச் சேமித்த பள்ளியின் பணம் எங்கே போயிற்று என்று அதன் பெற்றோர் அறிய முடியாமற் போகும் ஆபத்தும் அதிலேயே உள்ளது. எந்த வழியாயினும், தன் பங்கு குறைந்ததாக எண்ணும் தலைமையாசிரியர் முறையிட ஒரு மேல்முறையீட்டு வழி இருத்தல் வேண்டும் என்று விதி வலியுறுத்துகிறது.

இந்த ஆபத்து கற்பனையன்று என்பதை 2017-இல் யார்க்‌ஷயர் கண்டது. வேக்ஃபீல்டு சிட்டி அகாடமிஸ் டிரஸ்ட் என்னும் குழுமம், கல்வியாண்டு தொடங்கிய சில நாள்களுக்குள், தன் 21 பள்ளிகளையும் முன்னேற்றும் ஆற்றல் தனக்கு இல்லை என்று கூறி அவற்றைக் கைவிடுவதாக அறிவித்தது. பள்ளிகளின் இருப்புத்தொகை மையக் கணக்குக்கு மாற்றப்பட்டிருந்ததைப் பற்றிய முறையீடுகள் அதையடுத்து எழுந்து நாடாளுமன்றம் வரை சென்றன. அப்பள்ளிகளுக்கு வேறு அறக்கட்டளைகள் தேடப்பட்டன. தம் பள்ளி யாரிடம் போகவேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் உரிமை அந்த 21 பள்ளிகளின் பெற்றோருக்கு இல்லை. ஒரு கவுன்சில் தவறு செய்திருந்தால் அடுத்த தேர்தலில் அதைத் தண்டித்திருக்கலாம். இங்கே தண்டிக்க வாக்குச்சீட்டும் இல்லை, விலகிச்செல்லக் கதவும் இல்லை.

இத்தகைய நிகழ்வுகளுக்குப் பின் நிதிக் கட்டுப்பாடுகள் இறுக்கப்பட்டன. அறக்கட்டளையின் தலைமைச் செயல் அலுவலரே அதன் 'கணக்குப் பொறுப்பு அலுவலர்' ஆவார். பணம் முறைப்படியும் நேர்மையாகவும் உரிய பயன் தரும்படியும் செலவானதற்கு அவர் தனிப்பட்ட முறையில் விடை சொல்லவேண்டும், அப்பொறுப்பை வேறு எவருக்கும் கைமாற்ற முடியாது. நிதியாண்டு ஆகஸ்ட் 31-இல் முடிகிறது. தணிக்கை செய்யப்பட்ட கணக்கு டிசம்பர் இறுதிக்குள் அரசுக்கும், ஜனவரி இறுதிக்குள் இணையதளத்தில் பொதுமக்களுக்கும் வைக்கப்பட வேண்டும். அறங்காவலரோ உறுப்பினரோ அவர்தம் உறவினரோ நடத்தும் நிறுவனத்திடம் பொருளோ சேவையோ வாங்கினால் அது தொடர்புடையோர் கொடுக்கல் வாங்கல் எனப்படும்; அதில் இலாபம் வைக்காமல் அடக்கவிலையே கொடுக்கப்பட வேண்டும் என்பதும், 2019 ஏப்ரல் முதல் அதை முன்கூட்டியே அரசுக்குத் தெரிவித்து, குறிப்பிட்ட தொகைக்கு மேற்பட்டால் ஒப்புதலும் பெறவேண்டும் என்பதும் விதிகள். ஆயினும் தலைமைச் செயல் அலுவலர்களின் ஊதியத்துக்குத் தேசிய அளவில் உச்சவரம்பு இல்லை. மிகப் பெரிய குழுமங்களில் அது ஆண்டுக்கு 4 லட்சம் பவுண்டைத் தாண்டியதும் உண்டு. ஆசிரியர் பற்றாக்குறை நிலவும் பள்ளியிலிருந்து பிடிக்கப்படும் விழுக்காட்டில் அவ்வூதியமும் அடங்குவதால், அறங்காவலர்கள் அதை வெளிப்படையாக நியாயப்படுத்திக் காட்டக் கடமைப்பட்டவர்கள்.

தலைமையின் இயல்பு

பள்ளித் தலைமை என்பது இங்கிலாந்தில் ஒரு நூற்றாண்டுக்கு மேலாகத் தலைமையாசிரியரையே குறித்தது. காலையில் வாயிலில் நின்று குழந்தைகளைப் பெயர்சொல்லி வரவேற்பவரும், ஆசிரியரின் வகுப்பைப் பார்த்து அறிவுரை சொல்பவரும், வரவுசெலவில் கையொப்பமிடுபவரும் அவரே. குழுமத்தில் இப்பணிகள் பிரிகின்றன. இரண்டு மூன்று பள்ளிகளை மேற்பார்வையிடும் செயல் தலைமையாசிரியர், பாடங்களுக்கான இயக்குநர்கள், நிதி அலுவலர், அனைவருக்கும் மேல் தலைமைச் செயல் அலுவலர் எனப் புதிய அடுக்குகள் தோன்றின. பல பள்ளிகளை நடத்துவதற்கெனத் தனித் தகுதிச் சான்றிதழும் 2017-இல் ஏற்படுத்தப்பட்டது. ஒரு பள்ளியைச் சிறப்பாக நடத்தியவர் என்பதாலேயே ஒருவர் இருபது பள்ளிகளை நடத்தும் திறனுடையவர் ஆகிவிடுவதில்லை என்பதைத் தாமதமாகவேனும் ஏற்றுக்கொண்டதன் அடையாளம் அது.

குழுமத் தலைமை எதிர்கொள்ளும் கடினமான தேர்வு, எதை ஒரே சீராக்குவது, எதைப் பள்ளியின் விருப்பத்துக்கு விடுவது என்பதாகும். கணக்கு முறை, குழந்தைப் பாதுகாப்பு நடைமுறை, பணியாளர் ஒப்பந்தம் ஆகியவற்றை எல்லாப் பள்ளிகளிலும் ஒன்றாக்குவதால் பிழை குறையும், செலவு குறையும், தலைமையாசிரியருக்கு நேரமும் மிஞ்சும். பாடத்திட்டத்தையும் தேர்வையும் ஒன்றாக்கினால், ஒரு பள்ளியின் கணித ஆசிரியர்கள் மற்றொரு பள்ளியின் ஆசிரியர்களோடு ஒரே பாடத்தைப் பற்றிப் பேசித் தம் கற்பித்தலைத் திருத்திக்கொள்ள முடியும். புதிதாகப் பணியேற்ற ஆசிரியர், பாடக்குறிப்பை முதலிலிருந்து எழுதும் சுமையிலிருந்து விடுபடுவார். ஆனால் எந்த நாளில் எந்தப் பக்கத்தை நடத்துவது என்பது வரை மையம் வகுத்துக் கொடுத்தால், ஆசிரியர் தம் முன் அமர்ந்திருக்கும் குழந்தைகளைப் பார்த்து முடிவெடுக்கும் தொழில்திறனை நாளடைவில் இழப்பார். தலைமையாசிரியரோ மேலிடத்து உத்தரவை நிறைவேற்றும் கிளை மேலாளராகச் சுருங்குவார். தம்மிடமுள்ள திறன்மிகு தலைமையாசிரியர்களைத் தக்கவைத்துக்கொள்ளும் குழுமங்கள், அவர்களை ஒருவர் மற்றவர் பள்ளிக்குச் சென்று பார்க்கவும், குழுமத்தின் பொது முடிவுகளை வகுப்பதில் பங்குபெறவும் செய்கின்றன. தாம் வகுக்க உதவிய பொதுவிதியை ஒருவர் பின்பற்றும்போது அவருடைய தலைமைப் பண்பு குறைவதில்லை.

அளவும் தொலைவும் தலைமையைச் சோதிக்கின்றன. இ-ஆக்ட் என்னும் குழுமம் நாட்டின் பல பகுதிகளில் சிதறிய 34 பள்ளிகளை நடத்திவந்த நிலையில், 2014-இல் அவற்றுள் 10 பள்ளிகள் அதனிடமிருந்து எடுக்கப்பட்டன. அகாடமிஸ் என்டர்பிரைஸ் டிரஸ்ட் சில ஆண்டுகளுக்குள் 70-க்கு மேற்பட்ட பள்ளிகளாகப் பெருகியபின், மேலும் விரிவடைய வேண்டாம் என்று 2013-இல் அரசே அதைத் தடுத்தது. ஒரு மணி நேரப் பயணத்துக்குள் அமைந்த பள்ளிகளிடையே ஆசிரியரை மாற்றவும், ஒரு பள்ளியின் நெருக்கடியில் மற்றொன்றின் துணைத்தலைமையாசிரியரை அனுப்பவும் இயலும். நாட்டின் இரு முனைகளில் இருக்கும் பள்ளிகளுக்கிடையே இது இயலாது. எஞ்சுவது அறிக்கைப் பரிமாற்றம் மட்டுமே.

சான்றுகள் கூறுவது

குழுமங்களால் மாணவரின் கற்றல் உயர்ந்ததா என்பதே இறுதியில் கேட்கப்பட வேண்டிய கேள்வி. 2010-க்கு முன் பின்தங்கிய பள்ளிகளுக்குப் பதிலாக வந்த அகாடமிகளில் மாணவரின் தேர்ச்சி கணிசமாக உயர்ந்ததை லண்டன் பொருளாதாரப் பள்ளியின் ஆண்ட்ரூ அய்ல்ஸ், ஸ்டீவன் மேச்சின் ஆகியோரின் ஆய்வுகள் காட்டின. 2010-க்குப் பின் விரும்பி மாறிய பள்ளிகளில், குறிப்பாகத் தொடக்கப்பள்ளிகளில், அத்தகைய உயர்வு காணப்படவில்லை. சட்டன் டிரஸ்ட் 2014 முதல் 2018 வரை வெளியிட்ட ஆய்வு வரிசை, ஏழை மாணவரின் முன்னேற்றத்தில் ஒரு சில குழுமங்கள் மிகச் சிறந்து விளங்குவதையும், வேறு பல குழுமங்கள் சராசரிக்கும் கீழே இருப்பதையும் ஆண்டுதோறும் கண்டது. அகாடமிக் குழுமங்களுக்கும் கவுன்சில்களுக்கும் இடையிலுள்ள வேறுபாட்டைவிட, குழுமங்களுக்குள்ளேயே காணப்படும் வேறுபாடு பெரிது. சட்ட உருவம் தானாகவே கற்றலை உயர்த்துவதுமில்லை, தாழ்த்துவதுமில்லை என்பதும், அவ்வுருவத்துக்குள் அமையும் தலைமையின் தரமும் ஆட்சியின் ஒழுங்குமே விளைவை முடிவுசெய்கின்றன என்பதும் இதிலிருந்து பெறப்படும் முடிவு.

அப்படியிருந்தும், விளைவை முடிவுசெய்யும் அந்த அடுக்கையே தேசியப் பள்ளி ஆய்வு அமைப்பான ஆஃப்ஸ்டெட்டால் நெடுங்காலம் ஆய்வு செய்ய இயலவில்லை. அதன் ஆய்வாளர்கள் ஒவ்வொரு பள்ளியாகச் சென்று மதிப்பிட்டனர். பள்ளியின் வரவுசெலவையும் தலைமையாசிரியரையும் பாடத்தையும் தீர்மானித்த அறக்கட்டளையை மதிப்பிடும் அதிகாரம் அவர்களுக்கு இல்லை. நாடாளுமன்றக் கல்விக்குழு 2017-இல் இவ்வதிகாரத்தை வழங்கப் பரிந்துரைத்தது. 2024 தேர்தல் அறிக்கையில் தொழிற்கட்சியும் அறக்கட்டளைகளை ஆய்வுக்குள் கொண்டுவர உறுதியளித்தது. அவ்வாண்டு டிசம்பரில் நாடாளுமன்றத்தில் கொண்டுவரப்பட்ட குழந்தைகள் நலன் மற்றும் பள்ளிகள் மசோதா, பாடத்திட்டம், ஆசிரியர் தகுதி ஆகியவற்றில் அகாடமிகளுக்கிருந்த விலக்குகளைக் குறைக்க முனைந்தது. மையத்திலிருந்து வரும் இக்கட்டுப்பாடுகள் தேவையானவையே. எனினும் அவை அமைச்சருக்கும் அறக்கட்டளைக்கும் இடையிலான பொறுப்பை மட்டுமே இறுக்குகின்றன; பள்ளிக்கும் அறக்கட்டளைக்கும் இடையிலுள்ள வெற்றிடம் அப்படியே இருக்கிறது.

தமிழகத்துக்குப் பொருந்துவது

ஒரே கல்வி முகமை அரசு உதவிபெறும் பள்ளிகள் பலவற்றை நடத்துவது தமிழகத்திலும் நெடுநாள் வழக்கம். ஆயினும் இங்கே சட்டம் வேறு பாதையில் சென்றது. 1973-ஆம் ஆண்டின் தமிழ்நாடு அங்கீகரிக்கப்பெற்ற தனியார் பள்ளிகள் (ஒழுங்குமுறைப்படுத்தல்) சட்டம், கல்வி முகமை எத்தனை பள்ளிகளை நடத்தினும், பள்ளிக்குழு என்னும் அமைப்பைப் பள்ளியளவில் கேட்டது. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் 21-ஆம் பிரிவு, பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராகவும் பாதிப்பேர் பெண்களாகவும் இருக்கவேண்டும் என்று விதிக்கிறது. நடைமுறையில் பல இடங்களில் இக்குழு கையொப்பத்துக்கு மட்டும் கூடுகிறது என்பது உண்மையே. ஆனால் நடைமுறையில் நலிந்த உரிமையைக் கேட்டு வலுப்படுத்தலாம். சட்டத்திலேயே இல்லாத உரிமையைக் கேட்க இடமே இருக்காது. கோத்தாரி குழு 1964–66-இல் முன்வைத்த பள்ளி வளாகத் திட்டமும், 2020-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை மீண்டும் எடுத்திருக்கும் அதே எண்ணமும் பள்ளிகளைத் தொகுதியாக்கப் பேசும்போதெல்லாம், ஒவ்வொரு பள்ளியின் குழுவும் தொகுதியின் குழுவுக்குள் கரைந்துவிடாமல் காப்பது முதற்கடமையாகக் கொள்ளப்பட வேண்டும்.

முடிவுரை

இவ்வாய்விலிருந்து நான்கு நெறிகள் திரண்டு வருகின்றன. அதிகார ஒப்படைப்பு ஆவணம் இணைப்பின்போதே பள்ளியோடு கலந்து எழுதப்பட்டு, அப்பள்ளியின் உள்ளூர் ஆட்சிக்குழு இசைந்தாலன்றித் திருத்தப்படாததாக இருக்க வேண்டும் என்பது முதலாவது. குழுமம் எவ்வளவு பெரிதாயினும் ஒவ்வொரு பள்ளியிலும் தேர்ந்தெடுக்கப்பட்ட பெற்றோர் இடம்பெறும் குழு சட்டப்படி இருத்தல் இரண்டாவது. ஒவ்வொரு பள்ளிக்கும் வந்த மானியம், அதிலிருந்து மையம் பிடித்தது, அதற்கீடாகப் பள்ளி பெற்றது ஆகிய மூன்றும் எந்தப் பெற்றோரும் புரிந்துகொள்ளும் ஒரே பக்கத்தில் ஆண்டுதோறும் வெளியிடப்படுதல் மூன்றாவது. குழுமம் தன் கடமையில் தொடர்ந்து தவறும்போது, பள்ளியின் குழு வேறொரு பொறுப்பாளரைக் கோரி அமைச்சரிடம் முறையிடவும், அம்முறையீட்டுக்குக் காரணங்களுடன் எழுத்தில் விடை பெறவும் உரிமை தருதல் நான்காவது.

இவை குழுமத்தின் செயலாற்றலைக் குறைக்கும் என்று அஞ்சுவோர் உண்டு. கூட்டாக வாங்கினால் கிடைக்கும் சேமிப்பையோ, ஆசிரியர் ஒருவருக்கொருவர் கற்பிக்கும் வாய்ப்பையோ, நலிந்த பள்ளிக்கு வலிய பள்ளி தோள்கொடுக்கும் ஏற்பாட்டையோ இந்நான்கில் எதுவும் தடுப்பதில்லை. நல்ல குழுமங்கள் இவற்றுள் பலவற்றை எவரும் கட்டாயப்படுத்தாமலே செய்துவருகின்றன. ஆனால் ஒரு பள்ளியின் பெற்றோர் கேட்கப்படுவதும் கேட்கப்படாததும், அப்போது பதவியிலிருக்கும் அறங்காவலர்களின் நல்லெண்ணத்தைப் பொறுத்ததாக இருத்தல் கூடாது. வரிகொடுப்பவர் மக்கள், படிப்பவர் அவர்கள் பிள்ளைகள். தம் பள்ளியின் ஆட்சியில் பங்கு கேட்பது அவர்களுக்கு உரிமையாகவே இருக்கவேண்டும், அவ்வுரிமையை எழுதி வைக்கும் பொறுப்பு சட்டமியற்றுவோருடையது.